ஏணையும் வட்டமும்: ஆடும் பொருளுக்குள் சைனும் கோசைனும் வந்த விதம்

உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்த காலத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்தக் கடனைத் தீர்க்கும் எண்ணத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அன்றைய பாடம் எளிமை இசை இயக்கம். ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினேன். பிறகு கரும்பலகையில் பெரிய வட்டமொன்றைக் கீறி, அதன் விளிம்பில் ஒரு புள்ளியை ஓடவிட்டு, இந்தப் புள்ளியின் எறியந்தான் அந்தப் பூட்டு என்று சொல்லி, கோசைன் வைத்த சமன்பாட்டை எழுதினேன். பின் வாங்கில் இருந்த பிள்ளை எழும்பியது. “சேர், பூட்டு அங்காலயும் இங்காலயும் போய் வருது. அது எங்கயும் சுத்தல்லியே. வட்டம் எங்க இருந்து வந்திச்சி?”

“பாடத்திட்டத்துல இருந்து வந்திச்சி மகள், எழுதுங்க” என்றேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தது. அடுத்த தவணை கலைப் பிரிவுக்கு மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் பதிலால்தான் மாறியது என்று சொல்ல வரவில்லை. வீட்டில் ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனாலும் அந்த வருஷம் என் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளில் ஆகச் சிறந்தது அதுதான். அதை நான் ஒரு பகிடியால் மூடிவிட்டேன்.

இப்போது பென்சன் எடுத்து வீட்டில் இருக்கிறேன். மகளின் பிள்ளைக்கு விறாந்தையில் ஏணை கட்டியிருக்கிறோம். கூரை வளையில் கயிறு போட்டு, அதில் மனைவியின் பழைய சீலை. பின்னேரங்களில் ஆட்டிவிடுவது என் பொறுப்பு. ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு தரம் ஓர் ஏணை போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பழைய கேள்வி திரும்பி வராமல் என்ன செய்யும்?

முதலில் ஏணை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு பக்கம் இழுத்து விட்டால் தயங்கித் தயங்கிப் புறப்படுகிறது. நடுவுக்கு வரும்போது ஆக விரைவு. மற்றப் பக்கம் போகப் போகக் களைத்து, ஓர் இமைப்பொழுது நின்று, பிறகு திரும்புகிறது. இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால், ‘ஓரத்தில் நிற்கும் அந்தக் கணத்தில் ஆர்முடுகல் எவ்வளவு?’ என்று கேட்டால் பாதி வகுப்பு ‘பூச்சியம்’ என்று எழுதும். நின்றுவிட்டது, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்ற நினைப்பு. உண்மை நேரெதிர். ஓரத்தில் வேகந்தான் பூச்சியம். ஏணையை நடுவுக்கு இழுக்கும் விசை அங்கேதான் ஆகக் கூட. நடுவில் வேகம் ஆகக் கூட, இழுப்பு பூச்சியம். நடுவுக்கு வந்த ஏணை அங்கேயே நின்றுவிடாமல் மற்றப் பக்கம் போவது, வந்த வேகம் அதைத் தள்ளிக்கொண்டு போவதால்.

இந்த இழுப்பு எவ்வளவு என்பதில்தான் முழு விஷயமும் தங்கியிருக்கிறது. கயிறு நிலைக்குத்திலிருந்து ஒரு கோணம் சாயும்போது, ஏணையை நடுவுக்குக் கொண்டுவரும் விசை அதன் நிறையை அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கிய அளவு. கோணம் சின்னதாக இருந்தால், ஆரையனில் அளந்த கோணமும் அதன் சைனும் ஏறக்குறைய ஒன்றே. 10 பாகைக்கு ஆரையனில் 0.1745, சைன் 0.1736. வித்தியாசம் நூற்றுக்கு அரைப்பங்குதான். அதனால் சைனைத் தூக்கிவிட்டுக் கோணத்தையே போடுகிறோம். கோணம் என்பது நடுவிலிருந்து விலகிய தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் பிரித்தது. ஆகவே,

ஆர்முடுகல் = − (ஈர்ப்பு ஆர்முடுகல் ÷ நீளம்) × இடப்பெயர்ச்சி

ஏணையின் திணிவு இதில் எங்கேயும் இல்லை. பிள்ளை பாரமென்றால் பூமி கூடுதலாக இழுக்கிறது; ஆனால் அதே பாரம் அசைய அவ்வளவு கூடுதலாக மறுக்கிறது. இரண்டும் வெட்டுப்பட்டுப் போகின்றன. பிள்ளையின் இடுப்பு கயிற்றின் ஒரே நீளத்தில் இருக்கும்வரை, மூன்று மாதத்துப் பிள்ளைக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஏணை ஒரே தாளத்தில்தான் ஆடும்.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போவது நல்லது. நாம் இப்போது தூக்கி எறிந்த சைன், கயிறு சாய்ந்த கோணத்தின் சைன். இனி வரப்போகும் சைனும் கோசைனும் நேரத்தின் சார்புகள். ஒன்றை முன்வாசலால் அனுப்பிவிட்டோம். மற்றது பின்வாசலால் வருகிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் பிள்ளைகள் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறார்கள். நான் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மேலே எழுதிய விதியைப் பேச்சுத் தமிழில் சொன்னால், ‘எவ்வளவு தூரம் விலகுறியோ அவ்வளவுக்கு உன்னைத் திருப்பி இழுப்பேன்’ என்பதுதான். அந்த விகிதத்தின் மாறிலியை, அதாவது ஈர்ப்பை நீளத்தால் பிரித்து வந்ததை, ஒமேகாவின் வர்க்கம் என்று குறிக்கிறோம். ஏன் வர்க்கம் என்பது கொஞ்சத்தில் விளங்கும். இந்த விதிக்குக் கட்டுப்பட்டு ஒரு பொருள் அசைந்தால், எந்த நேரத்தில் அது எங்கே இருக்கும்? கணித மொழியில், இரண்டு தடவை வகையிட்டால் தன்னுடைய மறைப் பெறுமானத்தின் மடங்காகத் திரும்பி வரும் சார்பு எது?

தேடிப் பார்ப்போம். நேரத்தின் வர்க்கத்தை எடுத்தால், இரண்டு தடவை வகையிட வெறும் மாறிலி மிஞ்சும். கனத்தை எடுத்தாலும் படி இறங்கிக்கொண்டே போகும். பழைய உருவம் திரும்பி வராது. அடுக்குக்குறிச் சார்பு எத்தனை தரம் வகையிட்டாலும் தன் உருவத்தை விடாது. ஆனால் அதற்குச் சய அடையாளம் வராது. நேராகவே திரும்பி வரும். அது வேறொரு இயக்கத்துக்குப் பொருந்தும்: விரல் நுனியில் நிமிர்த்தி வைத்த தும்புத்தடி விழத் தொடங்குவதற்கு. அங்கே விலக விலக இன்னும் அப்பால் தள்ளும் விசை. ஏணைக்கும் தும்புத்தடிக்கும் இடையில் சமன்பாட்டில் உள்ள வித்தியாசம் ஒரேயொரு சய அடையாளம். ஒன்று ஆடுகிறது, மற்றது விழுகிறது.

சைனை எடுங்கள். வகையிட்டால் கோசைன். இன்னொரு தரம் வகையிட்டால் மறைச் சைன். கேட்டது கிடைத்துவிட்டது. கோசைனும் அப்படியே: மறைச் சைன், பிறகு மறைக் கோசைன். உள்ளே நேரத்தை ஒமேகாவால் பெருக்கி வைத்தால், ஒவ்வொரு தரம் வகையிடும்போதும் ஓர் ஒமேகா வெளியே வரும். இரண்டு தரத்தில் அதன் வர்க்கம் வந்துவிடும். மாறிலியை வர்க்கமாகக் குறித்த காரணம் அதுதான். இழுத்துப் பிடித்து விட்ட ஏணைக்கு,

இடப்பெயர்ச்சி = வீச்சம் × கோசைன் (ஒமேகா × நேரம்)

சைனா கோசைனா என்பது மணிக்கூட்டை எப்போது ஓடவிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஓரத்தில் பிடித்து வைத்து, விடும் கணத்தில் நேரத்தைத் தொடங்கினால் கோசைன். ஏனென்றால் பூச்சியத்தின் கோசைன் ஒன்று, ஏணையும் முழு வீச்சத்தில் இருக்கிறது. நடுவில் சும்மா தொங்கும் ஏணையைத் தட்டிவிட்டு நேரத்தைத் தொடங்கினால் சைன். இயக்கம் ஒன்றுதான், கால் சுற்று முந்திப் பார்க்கிறோமா பிந்திப் பார்க்கிறோமா என்பதே வித்தியாசம். ‘எந்தச் சூத்திரம் சேர்?’ என்று கேட்கும் பிள்ளையிடம், ‘தொடக்கத்தில் பொருள் எங்கே நிற்குது?’ என்று திருப்பிக் கேட்டால் போதும்.

இதுவரைக்கும் வட்டம் வரவில்லை. வகையிடலால் மட்டும் வந்து சேர்ந்துவிட்டோம். ஆனால் சைனும் கோசைனும் வட்டத்தின் பிள்ளைகள் என்பதால் அந்த மாணவியின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சில்லின் டயரில் ஓர் எலுமிச்சங்காயைக் கட்டுங்கள். சில்லை ஒரே சீராகச் சுற்ற விடுங்கள். அந்தி வெயில் சில்லின் விளிம்புப் பக்கமாக விழுந்தால், எதிர்ச் சுவரில் சில்லு வட்டமாகத் தெரியாது. ஒரு கோடாகத்தான் தெரியும். எலுமிச்சங்காயின் நிழல் அந்தக் கோட்டில் ஏறி இறங்கும். சுற்றுகிற காய்க்கு எப்போதும் அச்சை நோக்கிய ஆர்முடுகல் ஒன்று உண்டு: கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் பெருக்கியது. அதில் மேல்கீழ்ப் பங்கை மட்டுமே சுவர் பார்க்கிறது. அந்தப் பங்கு, ஆரைக்குப் பதிலாகக் காயின் உயரத்தைப் போட்டால் வருவது. அதாவது நிழலின் ஆர்முடுகல், நடுவை நோக்கி, கோண வேகத்தின் வர்க்கம் தர உயரம். இது ஏணையின் விதியேதான். ஒரே விதி, ஒரே தொடக்கம் என்றால் இயக்கமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 2 பை ஆரையன். அதை ஒமேகாவால் பிரித்தால் அலைவுகாலம். ஊசலின் சூத்திரத்துக்குள் வட்டத்தின் பை எப்படிப் புகுந்தது என்பதும் இதோடு விளங்கும்.

கரும்பலகையில் நான் சொன்னது இதைத்தான். ஆனால் அந்தப் பிள்ளையைப் போன்ற ஒருவருக்கு இது போதாது. ‘நிழலும் ஏணையும் ஒரே மாதிரி அசையுது, சரி. அது ஒப்புமை. ஏணையில் வட்டம் இருக்குதா இல்லையா?’ என்று கேட்கலாம். இருக்கிறது. அதுவும் உயர்தரத்தில் எல்லாரும் மனனம் செய்யும் ஒரு சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது:

வேகத்தின் வர்க்கம் = ஒமேகாவின் வர்க்கம் × (வீச்சத்தின் வர்க்கம் − இடப்பெயர்ச்சியின் வர்க்கம்)

முப்பது வருஷம் இதை எழுதியிருக்கிறேன். மாணவர்கள் ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருப்பார்கள். ஒமேகாவை இடப்பக்கம் கொண்டுபோய், இடப்பெயர்ச்சியையும் அங்கே தள்ளிப் பாருங்கள். இடப்பெயர்ச்சியின் வர்க்கமும், வேகத்தை ஒமேகாவால் பிரித்ததன் வர்க்கமும் கூட்டினால் வீச்சத்தின் வர்க்கம். பைதகரஸ். வட்டத்தின் சமன்பாடு. ஒரு வரைபுத் தாளில் ஏணை எங்கே இருக்கிறது என்பதைக் கிடையாகவும், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை ஒமேகாவால் பிரித்து நிலைக்குத்தாகவும் குறித்துக்கொண்டு போனால், அந்தப் புள்ளி வீச்சத்தை ஆரையாகக் கொண்ட ஒரு வட்டத்தில் ஒரே சீராகச் சுற்றிவரும். ஏணை நேரே போய் வருவதாக நமக்குத் தெரிவது அதன் இடத்தை மட்டும் பார்ப்பதால். இடத்தோடு வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. இடம் குறையக் குறைய வேகம் கூடுகிறது, வேகம் குறையக் குறைய இடம் கூடுகிறது. கோசைனும் சைனும் மாறி மாறி ஏறி இறங்குவது போல.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். எங்கள் ஏணை, வளையிலிருந்து பிள்ளையின் இடுப்பு வரை 2 மீற்றர். ஈர்ப்பு ஆர்முடுகல் 9.8. பிரித்தால் 4.9, அதன் வர்க்கமூலம் 2.21. அதுதான் ஒமேகா. அலைவுகாலம் 2.84 செக்கன். பத்து ஆட்டத்துக்கு 28.4 செக்கன் என்று கணக்குச் சொல்கிறது. போனில் அளந்தேன், இருபத்தெட்டும் கொஞ்சமும் வந்தது. 30 சென்ரிமீற்றர் இழுத்து விட்டால் நடுவைக் கடக்கும்போது வேகம் செக்கனுக்கு 66 சென்ரிமீற்றர். 15 சென்ரிமீற்றரில், அதாவது பாதி வழியில், வேகம் பாதியாகவா இருக்கும்? கிட்டத்தட்ட 57. பாதி வழிக்குள்ளேயே உச்ச வேகத்தில் எண்பது வீதத்துக்கு மேல் வந்துவிட்டது. அதனால் ஓரத்திலிருந்து பாதி வழிக்கு வர 0.47 செக்கன் எடுக்கிற ஏணை, மிச்சப் பாதியை 0.24 செக்கனில் முடித்துவிடுகிறது. முதல் பாதிக்கு இரட்டிப்பு நேரம். பிள்ளை ஏன் ஓரங்களில்தான் கண் சொருகுகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ தெரியாது. என் மனைவி உண்டு என்கிறாள்.

போனிலோ கணிகருவியிலோ இதைச் சரிபார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி பாகையில் இருந்தால் எல்லாம் பிழைக்கும். அரைச் செக்கன் கழித்து ஏணை எங்கே? ஒமேகா தர நேரம் 1.107. ஆரையனில் அதன் கோசைன் 0.447, ஏணை 13 சென்ரிமீற்றரில். கருவி அதைப் பாகையாக எடுத்தால் 0.9998 என்று சொல்லும். ஏணை அசையவே இல்லை என்று பொருள்! சைனை வகையிட்டால் கோசைன் என்பதே ஆரையனில் மட்டுந்தான் உண்மை.

இனி, இந்தக் கணக்கு எங்கே பொய்க்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சின்னக் கோணம் என்று ஒரு நிபந்தனை போட்டோம். 30 பாகை சாய்த்து விட்டால் உண்மையான அலைவுகாலம் சூத்திரத்தைவிட நூற்றுக்கு 1.7 கூட, 60 பாகைக்கு ஏழுக்கு மேல், 90 பாகைக்குப் பதினெட்டு. வீச்சம் எவ்வளவானாலும் ஊசல் ஒரே நேரமே எடுக்கும் என்று கலிலியோ நம்பினார். அது சரியில்லை என்று கண்டவர்களில் முக்கியமானவர், 1656ல் ஊசல் மணிக்கூட்டை அமைத்த ஒல்லாந்தர் ஹைகன்ஸ். வட்டவில்லில் ஆடாமல் வட்டப்புள்ளி வளையி என்ற வேறொரு வளைவில் ஆடினால்தான் நேரம் உண்மையில் மாறாது என்று 1673ல் வெளியான தன் நூலில் நிறுவினார். ஸ்பிரிங்கில் தொங்கும் தொட்டில்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஸ்பிரிங் மிதமாக இழுபடும்வரை விசை விலகலுக்கு நேர்விகிதசமன். ஆனால் அங்கே பிள்ளையின் பாரம் கணக்குக்குள் வந்துவிடும். ஓர் எளிய வழி உண்டு: பிள்ளையைக் கிடத்தியதும் ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவு நீளமான ஊசலின் தாளத்தில்தான் தொட்டில் மேலும் கீழும் ஆடும். 10 சென்ரிமீற்றர் இறங்கினால் 0.63 செக்கன்.

சைன், சைன் என்று இத்தனை நேரம் சொல்கிறோம். அந்தப் பெயர் வந்த வழி எங்கள் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். 499ஆம் ஆண்டளவில் எழுதிய ஆரியபட்டர் வட்டத்தின் நாணில் பாதியை எடுத்துக் கணக்குச் செய்தார். நாணுக்கு வடமொழியில் ‘ஜியா’, ‘ஜீவா’. அது அறபுக்குப் போனபோது ‘ஜீபா’ ஆயிற்று. உயிர்க்குறியில்லாமல் எழுதினால் ஜீமும் யேயும் பேயும் மட்டுந்தான். பின்னால் வந்தவர்கள் அதை அறபியில் ஏற்கனவே இருந்த ‘ஜைப்’ என்ற சொல்லாக வாசித்தார்கள். ஜைப் என்றால் சட்டையின் கழுத்துத் திறப்பு, மார்பகப் பை. மூஸா நபி (அலை) அவர்களின் கை பற்றி அல்குர்ஆனில் வரும் இடத்தில் உள்ள அதே சொல். தமிழில் சட்டைப் பைக்கு வழங்கும் ‘ஜேப்பு’க்கும் வேர் அதுவே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு மொழிபெயர்த்தவர்கள் பொருளைப் பார்த்து ‘சைனஸ்’ என்று போட்டார்கள். மடிப்பு, மடி என்று அர்த்தம். ஒரு வில்லின் நாண் இப்படிச் சட்டைப் பையாகி, மடியாகி, கடைசியில் எங்கள் பாடப்புத்தகத்தில் ‘சைன்’ என்று வந்து நிற்கிறது.

வழியில் நடந்த வேலை சாதாரணமானதல்ல. றக்காவில் வாழ்ந்து 929ல் மரணித்த அல்-பத்தானி கிரேக்கரின் முழு நாண்களை விட்டு ஜைபையே கையாண்டார். பக்தாதில் அபுல் வஃபா (940–998) மிக நுட்பமான சைன் அட்டவணைகளைக் கணித்தார். சமர்கந்தில் 1429ல் மறைந்த அல்-காஷி ஒரு பாகையின் சைனைப் பதினாறு தசம தானங்களுக்குச் சரியாகக் கண்டார். கேரளத்தில் பதினான்காம் நூற்றாண்டின் மாதவர் சைனுக்கு முடிவிலித் தொடரே கொடுத்தார். தொழுகை நேரம், கிப்லாத் திசை, கோள்களின் இடம் இவற்றுக்காகச் செய்த கணக்குகள் இவற்றில் பல.

ஆனால் ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். எங்கள் மேடைகளிலும் விழா மலர்களிலும் ‘ஊசலைக் கண்டுபிடித்தவர் எகிப்தின் இப்னு யூனுஸ்’ என்று அடிக்கடி சொல்கிறோம். நானும் ஒரு பரிசளிப்பு விழாவில் சொல்லியிருக்கிறேன். இதற்கு ஆதாரம் இல்லை. 1684ல் எட்வர்ட் பேர்னாட் என்ற ஆங்கில அறிஞர் விட்ட ஒரு பிழை, கைமாறிக் கைமாறிப் பெருத்து வந்த கதை இது. இஸ்லாமிய வானியல் வரலாற்றைக் கரைத்துக் குடித்த டேவிட் கிங் 1979ல் இதைத் தடம் பிடித்து எழுதிவிட்டார். 1009ல் கெய்ரோவில் மரணித்த இப்னு யூனுஸின் உண்மையான சாதனை அல்-ஹாகிமி அட்டவணைகள், அவற்றில் உள்ள அவதானங்கள், ஜைபைக் கொண்டு செய்த நேரக்கணிப்பு. அவருக்கு இல்லாத ஊசலைக் கட்டிவிட்டு, இருக்கிற ஜைபை மறந்துவிட்டோம். மேலே சொன்ன அறிஞர்கள் எல்லாருக்கும் சைன் என்பது வட்டத்துக்குள் ஒரு நீளம். அதை நேரத்தின் சார்பாக எடுத்து, ஆடும் பொருளின் இடத்தைச் சொல்ல வைத்தது அதற்குப் பல நூற்றாண்டு கழித்து, வகையிடலுக்கும் நியூட்டனின் விதிகளுக்கும் பிறகு நடந்தது. சைனையும் கோசைனையும் சார்புகளாகவே முறையாக நடத்திக் காட்டியது ஒய்லர் 1748ல் வெளியிட்ட நூல்.

இணைந்த கணிதத்தில் பழைய கணக்கொன்று உண்டு: துறைமுகத்து நீர்மட்டம் எளிமை இசையில் ஏறி இறங்குகிறது, இந்த ஆழம் வேண்டிய கப்பல் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம்? எங்கள் கரையில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடுவதால் பிள்ளைகளுக்கு இது புத்தகக் கணக்காகவே படும். ஆனாலும் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், தலைப்பிறையையும் பதினாலாம் பிறையையும் ஒட்டிய நாட்களில் தண்ணீர் கூட ஏறும், கூட வற்றும். ஒரேயொரு கோசைனால் அதைச் சொல்ல முடியாது. சந்திரனால் வரும் பெருக்கு 12 மணித்தியாலமும் 25 நிமிடமும் சொச்சத்துக்கு ஒரு தரம். சூரியனால் வருவது 12 மணித்தியாலத்துக்கு ஒரு தரம். இரண்டு கோசைன்களைக் கூட்டினால், அவை ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து 14.8 நாளுக்கு ஒரு தரம் திரும்பச் சேரும். உண்மையான துறைமுகங்களுக்கு இன்னும் பல கோசைன்கள் வேண்டும். 1872ல், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தொம்சன் இந்தக் கூட்டலைச் செய்ய ஒரு பொறியை வடிவமைத்தார். பத்துக் கூறுகளுக்குப் பத்துச் சில்லுகள். ஒவ்வொன்றும் தன்தன் வேகத்தில் சுற்றி ஒவ்வொரு கப்பியை ஏற்றி இறக்கும். எல்லாக் கப்பிகளுக்கும் மேலாக ஓடும் ஒரு கயிறு அவற்றைக் கூட்டி, முனையிலுள்ள பேனையால் வருங்காலத்து நீர்மட்டத்தைக் கீறும். என் கரும்பலகை வட்டத்தை அந்த மனிதர் உலோகத்தில் செய்து வைத்திருந்தார்.

போன ரமழானுக்கு முந்தி ஒரு பின்னேரம், உயர்தரம் படிக்கும் தன் மகளுக்குப் பாடம் கேட்டு அந்தப் பழைய மாணவி வீட்டுக்கு வந்தது. இப்போது தமிழ் ஆசிரியை. மகள் கொப்பியைத் திறந்தபோது இதே பாடம். நான் ஏணையைக் காட்டி, வரைபுத் தாளில் இடத்தையும் வேகத்தையும் குறித்து, வட்டம் இருக்கும் இடத்தைச் சொன்னேன். மகள் எழுதிக்கொண்டிருந்தாள். தாய் ஆட்டத்தை விட்ட ஏணை மெல்ல அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டது: “அப்ப சேர், ஏணை அடங்கி நிக்கக்குள்ள அந்த வட்டத்துக்கு என்ன நடக்கும்?”

தாளை வாங்கி, வெளி விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆரையைக் குறைத்து, நடுப்புள்ளி வரைக்கும் ஒரு சுருளைக் கீறிக் கொடுத்தேன்.